பத்துமலை வௌவாலும் கெத்தாம் தீவுக் கண்டலும்

பத்துமலைக் கோயிலுக்கு 272 படிகள். பாதிக்கு மேல் ஏறியதும் இடப்பக்கம் ஒரு வழி பிரிகிறது. அது இருட்டுக் குகைக்குப் போகும் வழி. இப்போது அடைத்து வைத்திருக்கிறார்கள். காவடி எடுத்து வருகிறவர்களும் படம் எடுக்க வருகிறவர்களும் அதைக் கவனிக்காமல் மேலே போய்விடுகிறார்கள். சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள் வௌவால் கூட்டங்கள் குடியிருக்கின்றன. தம்புசாமிப் பிள்ளை இங்கே வேல் நட்டு வழிபாட்டைத் தொடங்கியது 1890-ஐ ஒட்டி. வௌவால்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்து தங்கிவிட்டவை. கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் ஆற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியபோது, பயணத்தை அந்த அடைத்த வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

இங்குள்ள வௌவால்களில் ஒரு வகை பூந்தேனை உண்டு வாழ்வது. டுரியான் மரம் பூப்பது கிளையில், கொத்துக் கொத்தாக. பூ மாலையில் விரியும், இரவெல்லாம் தேன் சுரக்கும், விடிவதற்குள் இதழும் மகரந்தத் தாளும் கீழே கொட்டிவிடும். பகலில் வரும் தேனீக்கு அதில் வேலை மிச்சமிருக்காது. இரவில் வந்து மூஞ்சியை உள்ளே நுழைத்து நக்கும் வௌவால்தான் ஒரு மரத்து மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. பெத்தாய்க் காயும் அப்படித்தான் காய்க்கிறது. ஆனால் டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை; ஆண்டில் சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் வௌவால் எதைத் தின்று உயிர் வாழும்?

1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். வௌவாலின் எச்சத்தில் இருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து எந்தச் செடியுடையது என்று பிரித்தார்கள். பத்துமலை வௌவாலின் எச்சத்தில் கடற்கரைச் சேற்றில் வளரும் பெரெபாட் மரத்தின் மகரந்தம் இருந்தது. பத்துமலையோ கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. ஒரே இரவில் 38 கிலோமீட்டர் வரை பறந்து, கண்டல் காட்டுக்குப் போய்ப் பூந்தேனைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் அவை குகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பெரெபாட் அநேகமாக ஆண்டு முழுவதும் பூக்கும் மரம். டுரியான் பூக்காத மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது அது. கடற்கரையில் கண்டலை வெட்டினால் மலையடிவாரத் தோட்டத்தில் டுரியான் காய்ப்பு குறையும் என்பது இதன் பொருள். இந்த நகரத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் என்னை மிகவும் பாதித்த செய்தி இதுதான். முருகன் குடியிருக்கும் மலையும், பழக்கடையில் பிளந்து வைத்திருக்கும் டுரியான் சுளையும், கிள்ளான் கழிமுகத்துச் சேறும் ஓர் உயிரின் ஓர் இரவுப் பயணத்தில் கட்டுண்டிருக்கின்றன.

அந்த மலையையே கல்லுக்காக உடைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. 1980-களில்தான் அது நின்றது. கோயில் இருந்ததால் மலை தப்பியது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயிலின் பங்கு அதில் பெரிது என்றுதான் நானும் நினைக்கிறேன். பக்தர்கள் கூடும் இடத்தில் வெடி வைப்பது எளிதல்ல. அந்த வகையில் இங்கே முருகனும் வௌவாலும் ஒரே பாறையை நம்பியிருந்தவர்கள்.

பத்துமலைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கிள்ளான் ஆறு பிறக்கிறது. வெண்படிகக் கல்லால் ஆன ஒரு நீண்ட முகடு, பல கிலோமீட்டருக்குக் காட்டின் நடுவே முதுகெலும்பாக எழுந்து நிற்கிறது. அதன் புக்கிட் தாபூர் பகுதிக்கு மலையேறும் இளைஞர்கள் போகிறார்கள். முகட்டை ஆறு அறுத்துக்கொண்டு வெளியே வரும் இடுக்கில் 1958-இல் கிள்ளான் கேட்ஸ் அணையைக் கட்டினார்கள். அணைக்கு அப்பால் காடு, இப்பால் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இவ்வளவு நெருக்கமாக இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்பதை வேறு தலைநகரங்களில் நான் பார்த்ததில்லை. இன்று பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் வடக்கே சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. அதுவும் மலைக்காட்டில் பிறக்கும் ஆறுதான். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. சென்னைக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம். அவ்வளவு மழை மொட்டை மலையில் விழுந்தால் அரை மணி நேரத்தில் மண்ணோடு கீழே வந்துவிடும். காடு இருந்தால் இலையில் பட்டு, சருகில் இறங்கி, வேரோடு மண்ணுக்குள் போய், பல நாள் கழித்து ஓடையாகக் கசியும். அணையில் வண்டல் சேராமல் காப்பதும் அதே காடுதான்.

மறுநாள் காலை கெப்போங் போனேன். மலேசிய வனவியல் ஆய்வு நிறுவனத்தின் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு அங்கே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இது பூர்வகாலக் காடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் இது ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களும் புதர்களுமாகக் கிடந்த நிலம். 1920-களில் ஃபாக்ஸ்வொர்த்தி என்ற அமெரிக்க வனவியலாளர் அந்தப் பாழ்நிலத்தில் மரம் நடத் தொடங்கினார். ஈயக் குழி என்றால் மேல்மண் மொத்தமும் கழுவப்பட்டு, வெள்ளை மணல் மட்டும் மிஞ்சிய நிலம். அதில் முதலில் வேகமாக வளரும் மரங்களை நட்டு, நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் மழைக்காட்டு மரங்களை வளர்த்தார்கள்.

கற்பூர மரத் தோப்பில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு மரத்தின் கிளை நுனியும் அடுத்த மரத்தின் கிளை நுனியும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளிகள் சேர்ந்து வானத்தில் வெளிச்சக் கோடுகளாகத் தெரிகின்றன. எனக்குப் பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்தார்கள். நானும் படுத்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே ஈரக்காற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதர் கையால் மீட்டெடுத்த மழைக்காட்டுக்கு அந்த மதிப்பு கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இதற்கு நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. ஒரு வாரத்தில் அழிக்கக்கூடியதைத் திரும்பக் கொண்டுவர நான்கு தலைமுறை உழைத்திருக்கிறார்கள். வெட்டியதற்குப் பதிலாக வேறு இடத்தில் நட்டுத் தருகிறோம் என்று சொல்லும் திட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது கெப்போங்கின் இந்த நூறு ஆண்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூரின் நடுவே மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலை ஒட்டிக் கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் சேர்கின்றன. 2011-இல் தொடங்கிய நதிச் சீரமைப்புத் திட்டம் அங்கே நடைபாதையும் நீல விளக்கும் போட்டிருக்கிறது. ஆறு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவருக்குள் ஓடுகிறது, நிறம் தேநீர். அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மேட்டில் தெரியும் புக்கிட் நானாஸ் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1906-இலேயே பாதுகாக்கப்பட்ட காடு, அப்போது 17.5 ஹெக்டேர், இப்போது அதில் பாதியைவிடச் சற்று அதிகம். தொலைத்தொடர்புக் கோபுரமும் கட்டடங்களும் மீதியை எடுத்துக்கொண்டன.

1971 ஜனவரியில் இந்த ஆறுகள் நகரத்தை மூழ்கடித்தன. 32 பேர் இறந்தார்கள். 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு வெள்ளத் தடுப்புப் பொறுப்பும் வந்தது. 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் அந்த வேலையின் உச்சம். 9.7 கிலோமீட்டர் நீளம்; சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும், பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு ஆற்று நீரை உள்ளே விடுவார்கள். ஏறத்தாழ 190 கோடி வெள்ளி (ரிங்கிட்) செலவு. 30 லட்சம் கன மீட்டர் நீரைப் பிடித்துவைக்கும். நல்ல பொறியியல்தான்; நகரத்தின் நடுப்பகுதியைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நகரத்தைச் சுற்றிக் காடாகவும் சதுப்பாகவும் இருந்த நிலம் எந்தக் கட்டணமும் வாங்காமல் பிடித்துவைத்த தண்ணீருக்கு முன் 30 லட்சம் கன மீட்டர் மிகச் சிறியது. சுரங்கம் ஓரிடத்து நீரை வாங்கி இன்னோரிடத்தில் விடும். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கு அதனால் என்ன பயன்?

பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியிருந்தேன். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்தபோது, இனி செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. செங்கல் சுடுவதற்கான களிமண் ஆற்றை ஒட்டிய இந்தத் தாழ்நிலத்திலிருந்துதான் தோண்டப்பட்டது. பிறகு ரயில்வே பணிமனைகள் வந்தன. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். கந்தசுவாமி கோயில், விவேகானந்த ஆசிரமம் என்று ஊர் தமிழாகியது. பூக்கடை வாசலில் மல்லிகைப்பூ மணக்க, வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், சில தெருக்கள் தாண்டி அதே கிள்ளான் ஆறு சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். "ஆறா? அது ஹைவேக்குக் கீழே இருக்கு அண்ணே," என்றார்.

கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கிள்ளான் துறைமுகம். ரயில் ஷா ஆலாமைக் கடக்கும்போது, தெற்கே ஆற்றின் வளைவில் தாமான் ஸ்ரீ மூடா இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் குடியிருப்பு. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. ஸ்ரீ மூடா ஆற்று மட்டத்துக்குத் தாழ்ந்த நிலம். கரை கட்டி ஆற்றை வெளியே நிறுத்தி, உள்ளே விழும் மழையை இறைத்து ஆற்றில் தள்ளித்தான் அங்கே மனிதர்கள் குடியிருக்க முடிகிறது. மேலேயிருந்து வெள்ளம், கீழேயிருந்து கடல் ஓதம் என்று ஆறு தளும்பி நிற்கும்போது எங்கே இறைப்பது?

அங்கே ஒரு வீட்டில் என்னை உட்கார வைத்துப் பேசிய அக்கா சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். என் தலைக்கு மேலே இருந்தது. மறுபடி வண்ணம் அடித்தபோதும் அந்த ஓரங்குல அகலத்துக்கு மட்டும் அடிக்காமல் விடச் சொல்லிவிட்டாராம். "பிள்ளைங்க மறந்துடக் கூடாது தம்பி. மாமியாரை மேல தூக்கிட்டுப் போறதுக்குள்ள இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல. ரெண்டு நாள் மாடியில மழைத்தண்ணி பிடிச்சுக் குடிச்சோம்." பக்கத்துத் தெரு மலாய்க்காரப் பையன்கள் ரப்பர் படகோடு வந்து இறக்கினார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அந்தக் கோட்டின் கீழே கல்யாணப் படம், சான்றிதழ், தையல் மிஷின் எல்லாம் போயிருந்தன. மலேசியா முழுவதும் அந்த மழைக்கால வெள்ளத்தின் இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூருடையது.

இயற்கை நகரத்துக்குச் செய்யும் உதவியைப் பணத்தில் கணக்கிட வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த முறையில் முழு உடன்பாடு இல்லை. ஒரு காட்டின் விலை தெரிந்தால் அதற்கு மேல் விலை கொடுக்கிறவன் வந்துவிடுவான். ஆனால் காடும் சதுப்பும் போனதற்கான ரசீது யார் வீட்டுச் சுவரில் விழுகிறது என்பதை மட்டும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். அது தாழ்ந்த நிலத்தில், குறைந்த விலைக்கு வீடு வாங்கியவன் சுவரில் விழுகிறது.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலை முழுக்கத் தமிழ்க் கடைகள். துணி, நகை, முறுக்கு, பூசைப் பொருள். ஒரு தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்த பெரியவர், "ஊர்லேருந்து வந்திருக்கீங்களா? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை என்றேன். முகம் மலர்ந்தது, அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். "நம்ம ஆளுங்க அங்கேயும் சேறு, இங்கேயும் சேறு. தாத்தா கேரித் தீவுத் தோட்டத்துக்கு வந்தப்போ வேலையே கரை கட்டுறதுதான். கரை உடைஞ்சா உப்புத் தண்ணி உள்ள வந்துரும், மரம் செத்துப் போயிரும். அப்பா பால் வெட்டினாரு. நான் துறைமுகத்துல லோரி ஓட்டினேன்."

சேற்றைப் பற்றிப் பேசும்போது அவர் தாத்தா காலத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஊரே குளிர்காய்ச்சலில் கிடப்பதைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த துறைமுகத்தை உடனே மூட வேண்டிவருமோ என்கிற நிலைமை. ஊரையும் துறைமுகத்தையும் சுற்றியிருந்த சதுப்பை வெட்டி வடிகால் அமைக்கச் சொன்னார், காய்ச்சல் இறங்கியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் நிறுவி நான்கே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. தோட்டங்களில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த தமிழ்க் கூலிகளுக்குச் சதுப்பு என்பது சாவு. அந்தப் பயத்தை மறந்துவிட்டு இன்று நாம் சதுப்பின் பெருமையைப் பேசினால் அது முழு உண்மையாகாது.

வாட்சன் பிறகு கண்டது இன்னும் முக்கியமானது. கரையோரத்தில் பலித்த முறை மலைப்பக்கத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டி, ஓடையைத் திறந்துவிட்டதும் காய்ச்சல் கூடியது. காரணம், அது வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு. காடு நிழல் போட்டிருந்தவரை அதற்கு இடமில்லை. வெட்டியவுடன் பெருகியது, ஓடையோரத்து லயங்களில் இருந்தவர்களைக் கொன்றது. ஓரிடத்தில் வடிகால் காப்பாற்றியது, இன்னோரிடத்தில் மரநிழல் காப்பாற்றியிருக்கும். எந்த நிலம் எதற்குக் காவல் என்று இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை நூறு ஆண்டுக்கு முன்பே நம் ஆட்களின் உயிரைக் கொடுத்து இந்தப் பள்ளத்தாக்கு கற்றிருக்கிறது.

ரயில் முடியும் இடத்திலேயே கெத்தாம் தீவுக்குப் படகுத்துறை. படகு கால்வாய் வழியாக இறங்கும்போது ஒரு பக்கம் கொள்கலன் கப்பல்களும் பாரந்தூக்கிகளும், மறுபக்கம் கண்டல் காடு. கிள்ளான் கழிமுகத்தில் இப்படிப் பல தீவுகள்: கிள்ளான் தீவு, தெங்ஙா, கெத்தாம். இண்டா தீவும் ஒரு காலத்தில் கண்டல் தீவுதான். 1990-களில் அதன் கரையில் புதிய துறைமுகம் வந்தது. துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவரின் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் கழிமுகத்தின் எந்தப் பக்கம் துறைமுகம், எந்தப் பக்கம் காடு என்ற எல்லையை ஒவ்வொரு பத்தாண்டிலும் நகர்த்திக்கொண்டே போனால் மறுபக்கம் மிஞ்சாது.

நீர் வற்றும் நேரத்தில் தீவை அடைந்தேன். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிது; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சுமார் 4 மீட்டர். எங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஓர் அடி, இரண்டடி ஏறியிறங்கும் நீரைப் பார்த்துப் பழகியவனுக்கு இது பிரமிப்பு. கெத்தாம் ஊர் முழுக்கத் தூண்கள் மேல் நிற்கிறது. சீன மீனவர்களின் ஊர், கார் கிடையாது, மிதிவண்டியும் மின்சார மிதிவண்டியும்தான். ஊரின் ஓரத்தில் மரப்பலகைப் பாலம் முடிகிற இடத்தில் குனிந்து உட்கார்ந்தேன். சேறு ஈயம் பூசியதுபோல மினுங்கியது. அதில் விரல் நீளச் சேற்று மீன்கள் துடுப்பை ஊன்றி நடந்தன. இரண்டு மீன்கள் ஒன்றையொன்று பார்த்து முதுகுத் துடுப்பை விரித்துக் குதித்தன. ஒற்றைக் கொடுக்கு பெருத்த சிறுநண்டுகள் வளை வாசலில் நின்று கொடுக்கை ஆட்டின. பாக்காவ் மரத்தின் வேர்கள் தண்டின் நடுவிலிருந்தே வளைந்து இறங்கி, பின்னிப்பிணைந்து கிடந்தன. ஒவ்வொரு வேரிலும் ஒரே உயரம் வரைக்கும் சிப்பி ஒட்டியிருந்தது. தண்ணீர் அதுவரை ஏறும் என்பதற்கு அடையாளம். கிளையிலிருந்து ஒரு முழ நீளப் பச்சைக் குச்சிகள் தொங்கின. விதை தாய்மரத்திலேயே முளைத்து வளர்ந்து, பிறகு விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும். ஒரு குச்சி கீழே சாய்ந்து நின்றது. நுனியில் இரண்டு இலை விட்டிருந்தது.

கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்த விளிம்பில் பெரெபாட். தடித்த சுவாச வேர்கள் சேற்றிலிருந்து கூம்பு கூம்பாக நின்றன. முந்தைய இரவின் வெள்ளை மகரந்தத் தாள்கள் சேற்றில் சிதறிக் கிடந்தன. பத்துமலை வௌவால் தேடி வருவது இந்த மரத்தைத்தான்.

இந்த வேர்க்கட்டுக்குள் அலை நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அளவுகள் உண்டு. 100 மீட்டர் அகலமுள்ள கண்டல் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும். மரத்தின் அடர்த்தியையும் நீரின் ஆழத்தையும் பொறுத்து. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கரையை ஆராய்ந்து 2005-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியவர்கள், மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று காட்டினார்கள். பிச்சாவரத்துக்காரர்களுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை, கண்ணால் பார்த்தவர்கள். மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பினாங்கில். அதன் பிறகு அரசு கடற்கரை முழுவதும் கண்டல் நடும் திட்டம் தொடங்கியது. ஆழிப்பேரலை எப்போதோ வருவது. கிள்ளான் கரைக்கு அன்றாடக் கவலை ஓதம். கரையோர மரவிளிம்பு அரித்துப்போன இடங்களில் கடல் நேராக மண்கரையை மோதும். பெருஓதத்தில் கரை உடைந்தால் கிராமத்துக்குள் உப்புநீர். விளிம்பில் மரம் நிற்கிற இடத்தில் அந்தக் கரைக்கு ஆயுள் அதிகம்.

இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இந்த வேர்களுக்கு நடுவேதான். படகோட்டியிடம் மலாயில் தட்டுத்தடுமாறிப் பேசினேன். ஆற்றிலிருந்து வரும் குப்பை வலையில் மாட்டுகிறது என்று கையால் காட்டினார். ஆற்றோடு வரும் பிளாஸ்டிக்கைக் கழிமுகத்துக்கு முன்பே பிடிக்க, 2019 முதல் கிள்ளானில் ஒரு மிதக்கும் இயந்திரம் வேலை செய்கிறது. அதற்கும் தப்பியது கண்டல் வேரில் சிக்கிக் கிடக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் எறிந்த பிளாஸ்டிக் தட்டு இங்கே வந்து சுவாச வேரை மூடுகிறது. மூடினால் மரம் மூச்சு முட்டிச் சாகும்.

கிள்ளானுக்குத் தெற்கே இன்னொரு வகைச் சதுப்பு இருக்கிறது: கரிச்சதுப்புக் காடு. பல்லாயிரம் ஆண்டு மக்காத இலையும் மரமும் சேர்ந்து, பழுப்பு நீரில் ஊறிக் கிடக்கும் நிலம். மழையைப் பஞ்சாகக் குடித்து வைத்துக்கொள்ளும். வடித்துவிட்டால் காய்ந்து, ஒரு சிகரெட் நெருப்பில் பற்றி, மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகையும். கிள்ளான் அருகே ஜோஹான் செத்தியாவில் கோடைதோறும் இதுதான் நடக்கிறது. சுமத்ராவிலிருந்து வந்த புகையால் 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். கரிச்சதுப்பை நனைந்தபடி விட்டுவைப்பது இங்குள்ள குழந்தைகளின் நுரையீரலுக்கு நேரடியாகச் செய்யும் உதவி.

அப்படியொரு கரிச்சதுப்பான கோலா லங்காட் வடக்குக் காட்டின் கதையைச் சொல்லி ஆக வேண்டும். 1927-இல் பாதுகாக்கப்பட்டபோது 7,000 ஹெக்டேருக்கு மேல். இப்போது 1,000 ஹெக்டேருக்கும் குறைவு. அதை ஒட்டித் தெமுவான் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 2020 பிப்ரவரியில் மீதியிருந்ததில் பெரும்பகுதியையும் காட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டுமானத்துக்குத் தரப்போவதாகச் சிலாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது. 45,000-க்கு மேல் ஆட்சேபங்கள் குவிந்தன. ஆனாலும் 536 ஹெக்டேரை எடுத்துவிட்டது 2021 ஆகஸ்ட் இறுதியில் தெரியவந்தது. தெமுவான் மக்களும் இளைஞர் அமைப்புகளும் கட்சி வேறுபாடு இல்லாமல் சட்டமன்ற உறுப்பினர்களும் எழுந்தார்கள். செப்டம்பர் 8 அன்று மாநில முதல்வரான மந்திரி புசார் முடிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். காட்டை எடுப்பதற்கு முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்று 2011-இலேயே சிலாங்கூர் சட்டம் திருத்தியிருந்ததால்தான் அந்த ஆட்சேபங்களுக்கு இடமிருந்தது.

கிள்ளான் தேநீர்க் கடைக்குத் திரும்பி வந்தபோது பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது, பேத்தி கல்லூரியில் படிக்கிறவள், வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் போனாளாம். "என்கிட்டயும் வாங்கினா. அடுத்தது ஷா ஆலாம் பக்கத்துல புக்கிட் செராக்கா காட்டையும் எடுக்கப் போறாங்கன்னு அதுக்கும் ஒண்ணு கொண்டாந்தா. தாத்தா கட்டின கரைக்குள்ளதான் நாங்க இருக்கோம், மேல காடு இல்லாட்டி கரை எதுக்குன்னு மலாய்ல எழுதிப் போட்டுட்டேன்."

காட்டை எடுக்கும் அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஹெக்டேர் கணக்கோடு வரும். ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைப்பது சில வாரங்கள். ஸ்ரீ மூடாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோயில் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. திருவிழா நாளும் இரத்ததான முகாமும் ஒட்டுகிற அந்தப் பலகையில் இதையும் வெட்டி ஒட்ட வேண்டும் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். செயலாளரிடம் பேசுகிறேன் என்றார்.